ஒன்பது வருஷம் நின்ற எஸ்ஜே410: முழுசாகப் பிரிப்பதா, ஓட்டிக்கொண்டே சரி செய்வதா?

துருவேட்டை:
வணக்கம். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது நானே வம்பை விலை கொடுத்து வாங்கிவிட்டதால் வாயைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. சுசுகி எஸ்ஜே410 ஜீப், 1985 மாடல். 970 சிசி எஃப்10ஏ பெட்ரோல் இன்ஜின், நாலு கியர், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஒன்பது வருஷமாக ஒரு மரத்தடியில் நின்றிருக்கிறது.

வண்டி இருக்கும் நிலை: டிரைவர் பக்கத் தரையில் உள்ளங்கை அளவு ஓட்டை, அதன் வழியாகப் புல் முளைத்து வந்திருக்கிறது. பிரேக் மிதித்தால் தரை வரை போகிறது, திரும்பி வருவதில்லை. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று திருப்பினாலும் சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசம் இல்லை, பழைய வார்னிஷ் வாசம்தான். இன்ஜின் சுற்றுமா என்று இன்னும் பார்க்கவில்லை, பயமாக இருக்கிறது.

என் திட்டம்: பாடியை முழுசாகத் தூக்கிவிட்டு, சேஸை மணல் அடித்துப் பெயின்ட் பண்ணி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பிரித்து, எல்லாவற்றையும் புதுசு போல் ஆக்கி மாட்டுவது. கடைசியில் இரண்டு அங்குலம் உயர்த்தி 31 அங்குல டயர். பணம் மொத்தமாகக் கையில் இல்லை, மாசா மாசம் மிச்சம் பிடிப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும். எங்கே தொடங்கலாம் சொல்லுங்கள்.

பழையசாவி:
தம்பி, தொடங்குவதற்கு முன்னால் அந்தத் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். கழற்ற இரண்டு வார இறுதி போதும், திரும்ப மாட்ட இரண்டு வருஷம் ஆகும், இதுதான் நான் பார்த்த கணக்கு. பாதி பிரித்த வண்டியை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள், பாதி விலைக்கும் வாங்க மாட்டார்கள், எடைக்குத்தான் போகும். முதல் மூன்று மாதம் ஆசை இருக்கும். நாலாவது மாதம் வீட்டில் ஒரு செலவு வரும். அப்புறம் அந்த போல்ட் டப்பாக்களில் எது எங்கே இருந்தது என்பதே மறந்துவிடும்.

மாசா மாசம் வருகிற பணத்தில் செய்கிறவருக்கு ஒரே வழி, வண்டி எப்போதும் சொந்தக் காலில் நின்று, தள்ளினால் நகர்கிற நிலையில் இருக்க வேண்டும். ஒரு வேலையை எடுத்தால் முடித்துவிட்டுத்தான் அடுத்தது.

அதற்கு முன் சேஸைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது. ஒரு சின்னச் சுத்தியலும் மொக்கையான ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு அடியில் போங்கள். ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், முட்டு கொடுத்துவிட்டுப் போங்கள். சேஸ் நெடுக அரை அடிக்கு ஒரு தட்டு. நல்ல இரும்பு ‘டங்’ என்று பேசும், செத்த இரும்பு ‘சொத்’ என்று விழும். பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், பாடி உட்காரும் கைகள், முன்னால் ஸ்டியரிங் பாக்ஸ் கட்டியிருக்கும் பகுதி, குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள், இங்கெல்லாம் அவசரப்படாமல் தட்டுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

நாலும்இழுக்கும்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் வண்டியை முழுசாகப் பிரித்துத்தான் செய்தேன். பாடியைத் தூக்கின பிறகுதான் சேஸ் குழாய்க்குள் இரண்டு வாளி காய்ந்த சேறு இருந்ததே தெரிந்தது. வெளியில் பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருந்தது, உள்ளே அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடியிலிருந்து தின்றிருக்கிறது. தட்டிப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஓட்டிக்கொண்டே சரி செய்கிறேன் என்று சொல்பவர்கள் ஒரே போல்டை மூன்று தடவை கழற்றுகிறார்கள், அதையும் எழுதுங்கள்.

பழையசாவி:
உண்மைதான், மூன்று தடவை கழற்றுவோம். நான்கு வருஷம் கழித்தும் ஓட்டுவோம். உங்கள் வண்டி எத்தனை வருஷம் கொட்டகையில் இருந்தது?

நாலும்இழுக்கும்:
மூன்றரை. ஆனால் என்னிடம் பூட்டுப் போட்ட கொட்டகை இருந்தது, தம்பியிடம் இருக்கிறதா என்று தெரியாது. அதைச் சொல்லியிருக்க வேண்டும், சரி.

லேத்துக்காரி:
சண்டை வேண்டாம். கூரை இருக்கிறதா இல்லையா, அதைப் பொறுத்துத்தான் இது. திறந்த வெளியில் பிரித்த வண்டிக்கு ஒவ்வொரு மழையும் புதுத் துரு. இன்னொன்று, இந்த வயதில் பாடி போல்ட்கள் பாதி முறியும், அதுவும் சேஸோடு பற்றவைத்த நட்டுக்குள் முறியும். ஒரு மாதம் அதற்கே போய்விடும்.

முறிந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கட்டாயம் தேவைப்படும். முறிந்த தண்டு கொஞ்சம் வெளியே நின்றால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள்ளேயே வெல்டிங் நிரப்புங்கள். பலம் கிடைப்பது ஒரு பக்கம், அந்தச் சூடுதான் உண்மையில் வேலை செய்கிறது. தண்டு சிவந்து விரிந்து, ஆறும்போது சுருங்கி, துருவின் பிடியை உடைக்கும். சிவப்பு மங்கினதும் ஒரு மெழுகுவர்த்தியை மரையின் ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஸ்பேனரை மாட்டி ஒரே பக்கமாக இழுக்காமல் முன்னும் பின்னும் கால் கால் சுற்றாக ஆட்டுங்கள். ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் கேட்டால் ஜெயித்தாகிவிட்டது.

சூடு வைக்க முடியாத இடத்துக்கு, அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்து இரண்டு நாள் ஊற விடுங்கள். நிற்க வைத்தால் இரண்டும் பிரிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்குங்கள். தீப்பிடிக்கும் சரக்கு, அதை ஊற்றின இடத்தில் சூடு காட்டும் யோசனையே வேண்டாம்.

துருவேட்டை:
கூரை இல்லை அக்கா. ஒரு தார்ப்பாய் இருக்கிறது, அதுவும் கிழிசல்.

தட்டிப் பார்த்துவிட்டேன். எல்லா இடமும் ‘டங்’. இடது பின் சக்கரத்துக்கு மேலே, ஸ்பிரிங்கின் பின்முனை மாட்டும் இடத்துக்கு ஒரு சாண் முன்னால் மட்டும் சத்தமே வேறு. யாரோ அங்கே தடிமனாகக் கறுப்புத் தார் பூசியிருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன், தார் ஏடு ஏடாக வந்தது, அப்புறம் முனை உள்ளே போய்விட்டது. ஓட்டை கட்டைவிரல் அளவு, சுற்றிலும் தீப்பெட்டி அளவுக்கு மெலிந்த தகரம்.

லேத்துக்காரி:
ஒரே இடம் என்றால் நிம்மதி. ஆனால் அது சாதாரண இடமில்லை, பின் ஆக்சிலின் பாரம் முழுக்க அந்தப் பக்கம் வருகிறது. பட்டி பூசுவது, மேலே ஒரு தகரத்தை ஒட்டுவது எல்லாம் அங்கே ஆகாது. வெட்டுவட்டத்தால் நல்ல இரும்பு பளபளவென்று தெரியும் வரை வெட்டி எடுங்கள், கை கூசாமல் வெட்டுங்கள், ஓரத்தில் மெலிந்த தகரத்தை விட்டுவைத்தால் வெல்டிங் அதை ஊதித் தள்ளிவிடும். சேஸ் எத்தனை மிமீயோ அதே தடிமனில் ஒரு துண்டை அந்த ஓட்டைக்குள் பொருத்திப் பற்றவைத்து, அதன் மேல் ஒரு வலுத்தட்டு. வலுத்தட்டின் முனைகளைச் செங்குத்தாக வெட்டாதீர்கள், சாய்சதுரம் போலக் கூராக வெட்டுங்கள். சேஸுக்குக் குறுக்கே நேராக ஒரு வெல்டிங் கோடு போனால், வண்டி பள்ளத்தில் முறுக்கும்போது அந்தக் கோட்டின் ஓரத்தில்தான் விரிசல் பிறக்கும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயர்களைக் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கித் தூரமாக வையுங்கள். டேங்க் காலியாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நிறைந்த டேங்கை விடக் காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே இருப்பது ஆவி. இந்த ஒரு வெல்டிங்கை மட்டும் கை பழகின ஆளிடம் விடுங்கள். தரை ஓட்டையில் நீங்கள் கற்றுக்கொள்ளலாம், அது பிளந்தால் கால்தான் நனையும்.

துருவேட்டை:
செய்துவிடுகிறேன். சின்னச் சாமான்களின் துருவுக்கு என்ன வழி? கம்பி பிரஷ் பிடித்துப் பிடித்துக் கை போய்விட்டது.

கம்பிக்காரன்:
மின்சாரத்தை விட்டு வேலை வாங்குங்கள். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. பழைய பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையைத் துருப்பிடித்த சாமானில் மாட்டுங்கள், பாசிட்டிவ் முனையை வேண்டாத இரும்புத் துண்டில். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மறுநாள் காலையில் துரு கறுப்பு மாவாக மாறியிருக்கும், பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். முனையை மாற்றி மாட்டினால் உங்கள் சாமான் கரையும், கவனம்.

வேண்டாத இரும்பு என்று சொல்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீர்கள், தண்ணீரில் நஞ்சான குரோமியம் சேரும். வெளியில் வைத்துச் செய்யுங்கள், கிளம்பும் குமிழியில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஸ்பிரிங், கெட்டிப்படுத்தின போல்ட், இவற்றை இதில் போட வேண்டாம், ஹைட்ரஜன் உள்ளே போய் நொறுங்கும் தன்மை வந்துவிடும். பிராக்கெட், கீல், பெடல் கை, பம்பர் தாங்கி இதற்கெல்லாம் அருமை.

பழையசாவி:
சேஸ் முடிந்தால் அடுத்து பிரேக். இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் ஓடுகிற வண்டியை நிறுத்த முடியாவிட்டால் அந்தச் சத்தம் யாருக்கு? பிரேக்கில் சிக்கனம் எங்கே, தாராளம் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். ரப்பர் எதையும் பழையதாக வாங்க வேண்டாம், ஹோஸ், சீல், கப் எல்லாம் புதுசு. வீல் சிலிண்டருக்குள் விரலை விட்டுப் பாருங்கள், வழுவழு என்று இருந்தால் லேசாகத் தேய்த்துப் புது ரப்பர் போடலாம், நகம் மாட்டுகிற குழி இருந்தால் சிலிண்டரே புதுசு. டிரம்மை லேத்தில் கொடுத்துச் சமன் செய்யலாம், ஆனால் டிரம்மில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. ஷூவுக்கு லைனிங் மட்டும் மாற்றி ஒட்டினாலே போதும்.

குழாய் துரு என்றால் செம்பு நிக்கல் கலந்த குழாய் வாங்குங்கள், கையாலேயே வளையும், துருவும் ஏறாது. முனையை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். ஆயில் பற்றி ஒரு வார்த்தை: பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். ஒன்பது வருஷம் குடித்த ஆயிலை வைத்து மலை இறங்கினால் பெடல் திடீரென்று பஞ்சாகும். திறந்து வைத்த பழைய டப்பாவையும் தூக்கி எறியுங்கள்.

துருவேட்டை:
இரண்டு மாதம் ஆகிவிட்டது, வேலை நடக்கிறது. சேஸ் பற்றவைத்தாகிவிட்டது, அக்கா சொன்ன சாய்சதுரத் தட்டு. பிரேக் முடிந்தது, பெடல் கல் மாதிரி நிற்கிறது. டேங்குக்குள் ஒரு பழைய சங்கிலியும் கொஞ்சம் டீசலும் போட்டுக் கட்டி அரை நாள் உருட்டினேன், கொட்டினதைப் பார்த்தால் குமட்டுகிறது. இப்போது இன்ஜின் பக்கம் போகலாமா?

பழையசாவி:
போகலாம், ஆனால் சாவியைத் தொடாமல். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் பிளக்கைச் சுற்றிக் காற்று ஊதுங்கள், இல்லையென்றால் ஒன்பது வருஷத்து மண் நேரே சிலிண்டருக்குள் போகும். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி இன்ஜின் ஆயில், ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் முன்பக்கக் கிராங்க் போல்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்றுங்கள், அதன் சுற்றுத் திசையிலேயே. எங்கேயாவது இடித்து நின்றால் அங்கேயே நிறுத்தி யோசியுங்கள், பலம் காட்ட வேண்டாம்.

இரண்டு முழுச் சுற்று சுற்றினால், அதோடு டைமிங் பெல்ட்டை மாற்றுங்கள். இந்த இன்ஜினில் கேமைச் சுற்றுவது ரப்பர் பெல்ட், ஒரே வளைவில் ஒன்பது வருஷம் நின்ற ரப்பரை நம்பி ஸ்டார்ட் பண்ணுவது வீண் சூதாட்டம். புது ஆயில், புது ஃபில்டர். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் ஆயில் விளக்கு அணையும் வரை சுற்றுங்கள். கார்புரேட்டரைக் கழுவி, பெட்ரோலைத் தனி பாட்டிலிலிருந்து விடுங்கள், டேங்கிலிருந்து வேண்டாம். இத்தனையும் ஆன பிறகு பிளக் மாட்டிச் சாவியைத் திருப்புங்கள்.

துருவேட்டை:
ஓடிவிட்டது! நாலாவது முயற்சியில். முதலில் ஒரு பெரும் புகை, மரத்தடியே மறைந்துவிட்டது, அப்புறம் மெல்லத் தெளிந்தது. கையெல்லாம் நடுங்கியது.

ஆனால் ஐடிலில் உதறுகிறது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பிஎஸ்ஐ கணக்கில்) பார்த்தேன்: 152, 148, 95, 150. மூன்றாவதுதான் கோளாறு. இன்ஜின் பிரிக்க வேண்டுமா? அதற்குப் பணம் இல்லை. இன்னொன்று, ஸ்டார்ட்டர் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிறது, பேட்டரி புதுசு.

லேத்துக்காரி:
அவசரப்படாதீர்கள். மூன்றாவதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் பக்கம் கசிவு, ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு பக்கம். வால்வு என்றால் முதலில் மேல்மூடியைத் திறந்து இடைவெளியை அளந்து பாருங்கள். திருகு வைத்துச் சரி செய்கிற வகைதான், ஸ்பேனரும் இடைவெளித் தகடும் இருந்தால் போதும்.

கம்பிக்காரன்:
ஸ்டார்ட்டரைக் கழற்றாதீர்கள். மல்ட்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் அழுத்தி, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. அதற்கு மேல் போனால் அத்தனையும் வழியிலேயே வீணாகிறது என்று அர்த்தம். பழைய வண்டியில் மின்சாரக் கோளாறு என்று என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் எர்த்தில் வந்துதான் முடியும், ஒயரிங் முழுசையும் மாற்றச் சொல்கிறவர்கள் இதை ஒரு தடவை கூட அளந்திருக்க மாட்டார்கள்.

துருவேட்டை:
1.4 வோல்ட் காட்டியது! இன்ஜினிலிருந்து சேஸுக்குப் போகும் பின்னல் பட்டை பச்சை பூத்து, இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுப் பட்டை போட்டு, உட்காரும் இடத்தைப் பெயின்ட் போக உப்புத்தாள் தேய்த்து மாட்டினேன், இப்போது வேறு வண்டி மாதிரி சுற்றுகிறது.

மூன்றாவதில் ஆயில் விட்டும் 97தான். மூடியைத் திறந்தேன். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளியே இல்லை, மிக மெல்லிய தகடு கூட நுழையவில்லை. எட்டு வால்வையும் அளவுக்கு வைத்தேன். இப்போது 141. உதறல் நின்றுவிட்டது. செலவு, மூடியின் ரப்பர் ஒன்று.

நாலும்இழுக்கும்:
அருமை! இனிமேல் டயர் பேசலாம். 31 போட்டால் வண்டி தோற்றமே மாறிவிடும்.

பழையசாவி:
தோற்றம் மாறும், போக்கும் மாறும். இது 45 குதிரைச் சக்திக்காரன்.

லேத்துக்காரி:
எண்ணிலேயே பார்த்துவிடலாம். கம்பெனி டயர் சுமார் 27 அங்குல உயரம். 31 போட்டால் கிட்டத்தட்ட 15 சதவீதம் பெரிசு, அதாவது கியர் எல்லாம் அந்த அளவுக்கு ‘நீளம்’ ஆகிவிடும், மூன்றாவது கியரில் ஏறின மேட்டுக்கு இரண்டாவது தேவைப்படும். ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது உண்மையில் 57 போய்க்கொண்டிருப்பீர்கள். பிரேக்கும் கூடுதல் பாரம் சுமக்கும், உங்களிடம் நாலும் டிரம்.

நல்ல செய்தி, எஸ்ஜே410இன் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) விகிதம் ஏற்கெனவே இறக்கம்தான், ஹையில் 1.580, லோவில் 2.511. பின்னால் வந்த எஸ்ஜே413இல் 1.409, 2.268. டிஃபரென்ஷியலும் 410இல் 4.11, 413இல் 3.73. பெரிய டயர் போட்ட 413காரர்கள் 410இன் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தேடி அலைவது இதனால்தான். உங்களிடம் இருக்கும் அந்தப் பலத்தைப் பெரிய டயர் போட்டு நீங்களே வீணாக்க வேண்டாம். கம்பெனி அளவில், நல்ல பூ வைத்த டயர் நாலு வாங்குங்கள். மண்ணில் இறங்கும்போது காற்றைக் குறைத்துப் பாருங்கள், அது இலவசம், உயர்த்துகிற கிட்டை விட அதிகம் உதவும். திரும்பி வரும்போது காற்றடிக்க பம்ப் மட்டும் மறக்க வேண்டாம்.

துருவேட்டை:
சரி, டயர் கம்பெனி அளவே. மனசு கொஞ்சம் வலிக்கிறது.

துருவேட்டை:
உதவி தேவை. முதல் தடவை ரோட்டில் எடுத்தேன், 55 கிமீ வேகத்தில் ஒரு சின்ன மேடு ஏறி இறங்கினதும் ஸ்டியரிங் கையில் பேய் பிடித்தது போல் ஆடியது, முன்பக்கம் முழுசும் இடமும் வலமும் அடித்துக்கொண்டது, நிறுத்தும் அளவுக்கு வேகம் குறைந்த பிறகுதான் அடங்கியது. ஸ்டியரிங் பாக்ஸின் ஆட்டத்தை ஏற்கெனவே சரி செய்துவிட்டேன், டை ராட் முனைகளும் புதுசு. அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஸ்டியரிங் டேம்பர் மாற்று என்கிறார்கள். வாங்கட்டுமா?

நாலும்இழுக்கும்:
வாங்குங்கள், எனக்கு அதில்தான் சரியானது.

பழையசாவி:
வாங்காதீர்கள். டேம்பர் ஆட்டத்தை அடக்கும், ஆட்டத்தின் காரணத்தை அப்படியே விட்டுவிடும், ஆறு மாதத்தில் டேம்பரும் சாகும். நல்ல முன் ஆக்சில் டேம்பர் இல்லாமலே ஆடாமல் ஓட வேண்டும், இருப்பது ஒரு கூடுதல் காவல்.

முன்பக்கத்தைத் தூக்கி முட்டு கொடுங்கள். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங்பின், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு. டயர் பேலன்ஸும் பார்த்துவிடுங்கள், ஆட்டத்தைத் தொடங்கிவைப்பது பல நேரம் அதுதான், ஆனால் தொடர விடுவது தளர்ந்த கிங்பின்.

துருவேட்டை:
இடது பக்கம் மிதித்தும் ஆடுகிறது.

பழையசாவி:
பிரியுங்கள்.

துருவேட்டை:
பிரித்தேன். இரண்டு நாள் ஆனது. நக்கிள் (ஆக்சில் முனையில் சக்கரத்தோடு திரும்பும் மூட்டு) சீல் நூல் நூலாக வந்தது. உள்ளே கிரீஸ் என்று எதுவும் இல்லை, சாம்பல் நிறத்தில் களிம்பு போல ஒன்று, தண்ணீரும் சேறும் கிரீஸும் சேர்ந்து சோப்பாகிவிட்டிருக்கிறது. மூன்று தடவை மண்ணெண்ணெயில் கழுவின பிறகுதான் இரும்பு தெரிந்தது.

கீழ்ப் பேரிங்கின் வெளிக் கிண்ணத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். உருளைகள் உட்கார்ந்த இடத்தில் ஒரே இடைவெளியில் கோடு கோடாகப் பள்ளம், யாரோ அளந்து உளியால் அடித்தது போல. நகத்தை ஓட்டினால் டிக் டிக் டிக் என்று ஒவ்வொன்றிலும் மாட்டுகிறது. நேராக ஓடும் நிலையில்தான் அந்தப் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன, அதனால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இறுக்கமாகவும் நேராக வைக்கும்போது தளர்வாகவும் இருந்திருக்கிறது.

பழையசாவி:
அதேதான். இந்த பேரிங் முழுசாகச் சுற்றுவதில்லை, ஒரே இடத்தில் அடி வாங்கிக்கொண்டே இருக்கும், கிரீஸ் போனால் பள்ளம் விழும். பக்கத்துக்கு இரண்டு, மேலும் கீழும் சேர்த்துப் புதுசு போடுங்கள், கிண்ணத்தோடு. சீலும் புதுசு. இறுக்கத்தைக் கைக்கணக்கில் வைக்காதீர்கள். சீல் மாட்டுவதற்கு முன், டை ராட் மாட்டும் ஓட்டையில் கொக்கித் தராசை மாட்டி, நக்கிளின் கைக்குச் செங்குத்தாக இழுத்து, நக்கிள் நகரத் தொடங்கும் எடையைப் பாருங்கள். கையேட்டில் உள்ள அளவுக்குள் வர வேண்டும். பெட்டி படுக்கையை எடை போடுகிற தராசே போதும். குறைந்தால் மேல் கிங்பின் அடியில் இருக்கும் ஷிம் என்கிற மெல்லிய தகடுகளில் ஒன்றை எடுங்கள், அதிகமானால் ஒன்று சேருங்கள்.

ஆக்சிலின் மூச்சுக்குழாயையும் பாருங்கள், எனக்குச் சந்தேகம் அதில்தான். ஓடிச் சூடான ஆக்சில் ஆற்றுத் தண்ணீரில் இறங்கினதும் சட்டென்று ஆறும், உள்ளே காற்று சுருங்கும், மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒரு ஹோஸைப் போட்டு மேலே இன்ஜின் அறைக்குள் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். டிஃபரென்ஷியல் ஆயில் வெளிறிப்போய் வந்தால் இதுதான் கதை.

துருவேட்டை:
மூச்சுக்குழாய் சேற்றால் அடைத்து சிமென்ட் ஆகியிருந்தது. டிஃபரென்ஷியல் ஆயில் வெளிறித்தான் வந்தது. எல்லாம் மாற்றியாகிவிட்டது. நாலு சக்கரமும் பேலன்ஸ் பண்ணி ஓட்டினேன், அதே மேடு, அதே 55. ஒன்றுமில்லை! 70இல் மட்டும் கையில் ஒரு சின்ன நடுக்கம்.

பழையசாவி:
வலது பக்கம்?

துருவேட்டை:
மிதித்துப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. அதனால் பிரிக்கவில்லை. பணமும் இந்த மாதம் தீர்ந்துவிட்டது.

பழையசாவி:
பிரித்துப் பார்ப்பதற்குப் பணம் வேண்டாம். ஒரே தண்ணீரில் இறங்கின வண்டி, ஒரே வருஷங்கள் நின்றது. இறுக்கிவைத்தால் ஆட்டம் தெரியாது.

துருவேட்டை:
பிரித்தேன். பேரிங் நன்றாக இருக்கிறது, கிரீஸ் கூட மஞ்சளாகவே இருக்கிறது, யாரோ இந்தப் பக்கம் மட்டும் முன்பே செய்திருக்கிறார்கள். ஆனால் ஷிம் எடுக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு ஷிம் அசல். மூன்றாவதைக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள், ஓரம் கோணல்மாணல், ஓட்டைகள் ஆணியால் குத்தினது. கழுவினால் ஒரு பக்கம் சிவப்புப் பெயின்டும் பாதி எழுத்தும். பானம் வரும் தகர டப்பாவிலிருந்து வெட்டியிருக்கிறார்கள்.

லேத்துக்காரி:
தடிமன் அளந்தீர்களா?

துருவேட்டை:
பெயின்ட் சுரண்டின இடத்தில் 0.10 மிமீ. ஒரு மூலையில் 0.07.

லேத்துக்காரி:
அந்த டப்பாச் சுவர் ஏறக்குறைய 0.1 மிமீதான் இருக்கும், வெட்டினவர் அளவு தெரிந்த ஆள். ஆனால் அது அலுமினியம், அடி வாங்க வாங்க நசுங்கிப் பரவும், அதனால்தான் உங்கள் மூலை 0.07. இரும்புத் தகட்டில் 0.10 வெட்டி மாட்டுங்கள், தராசில் ஒரு தடவை இழுத்து எண்ணை இங்கே எழுதுங்கள்.

துருவேட்டை:
சனிக்கிழமை. அதுவரை டப்பாவையே திரும்ப மாட்டிவைத்திருக்கிறேன், வண்டியை மழைக்கு முன் தார்ப்பாய்க்குள் தள்ள வேண்டும்.